குளத்தின் மேல் விழுந்த பழி

"காய்ச்சல். மலேரியாவாக இருக்கலாம். குளத்தருகே இரவு தங்கியவர்."

1993 மாசி மாதம் எனக்குத் தரப்பட்ட வெளிநோயாளர் துண்டில் இருந்தவை இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் வயது இல்லை, தொழில் இல்லை. நாக்கு எப்படி இருந்தது, ஈரல் வீங்கியிருந்ததா என்பதும் இல்லை. குளத்தருகே தங்கியது மட்டும் தவறாமல் எழுதப்பட்டிருந்தது.

இதே மாதிரிக் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். கையில் அகப்பட்டதை வாசிப்பவன். நடந்ததை நாளோடு குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தேன். கோபம் ஆறவில்லை.

அந்தப் பயணத்தைத் தொடக்கியவர் தேவன். எங்கள் ஒழுங்கையில் (சந்தில்) இருப்பவர், ரியூற்றரியில் கணிதம் படிப்பிப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிள்தான் எங்களுக்கு லொறி. அதுதான் அம்புலன்ஸ். பற்றரி தடைசெய்யப்பட்டிருந்தபடியால், தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்பதற்கும் அதுதான். விறகு ஏற்றினோம், அரிசி ஏற்றினோம், பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றினோம்.

"அண்ணை, ஒரு நாளைக்கெண்டாலும் ஒண்டையும் ஏத்தாமல் ஓடவேணும். சைக்கிளுக்கும் ஒரு லீவு குடுப்பம்" என்றார் தேவன்.

ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். கோப்பாயால் போய்க் கைதடிப் பாதையில் கடல்நீரேரியைக் கடந்தோம். மாரி முடிந்து தண்ணீர் நிறைய நின்றது. கூழைக்கடாக்கள் பாலத்துக்குக் கிட்டவே மிதந்தன. தென்மராட்சிக்குள் ஒரு குளத்தடியில் தங்கினோம். அதன் பெயரை எழுதப் போவதில்லை. ஏற்கனவே அதன்மேல் போதிய பழி விழுந்துவிட்டது.

குளத்தின் ஒரு கரையில் படிக்கட்டும், அதன் மேலே ஒரு சீமெந்து மேடையும், பக்கத்தில் மாடுகள் முதுகு தேய்க்கும் ஆவுரஞ்சிக்கல்லும் இருந்தன. கல்லில் சைக்கிள்களைச் சாத்தி, இரண்டு ஹான்டிலுக்கும் மேடைத் தூணுக்குமாகத் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டினோம். அதுதான் கூடாரம். மாடு சாய்க்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "இடம்பெயர்ந்து வாறியளோ?" என்று கேட்டார். "இல்லை, சும்மா வந்தனாங்கள்" என்றேன். அவர் "சும்மாவோ? அப்ப நல்லது" என்று சொல்லிப் போனார். திரும்பி வரும்போது கூழுக்குப் போட ஒரு பிடி பயற்றங்காயும் ஒரு சிறு முடிச்சுப் பலாக்கொட்டையும் கொண்டுவந்தார்.

பனங்கிழங்கு ஒடியல் மாக்கூழ் காய்ச்சினோம். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தோம். தேவன் வானொலியைக் கொண்டுவந்திருந்தார், ஆனால் சைக்கிளைத் தலைகீழாக்க இருவருமே எழும்பவில்லை. செய்தி கேளாமல் கழிந்த மாலை எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான். சீமெந்து மேடையில் பாயை விரித்துப் படுத்தோம். விடிய எழும்பிக் குளித்தோம். படியில் நின்று முதுகு தேய்க்கும்போது, என் பின்னிடுப்பைப் பார்த்துத் தேவன் சிரித்தார்.

"என்ன அண்ணை, ஆரும் நாவூறு படாமல் கரியிலை பொட்டு வைச்சு விட்டவையோ?"

"உம்மடை அக்காவைத்தான் கேக்கவேணும்" என்றேன். என் மனைவி புவனத்தை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இருவரும் சிரித்தோம். அந்த இடம் என் கண்ணுக்கு எட்டாதது. அரைஞாண்கொடி உரசிய கறையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்தப் பகிடியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம். செவ்வாய் பின்னேரம் அலுவலகத்தில் இருக்கும்போது எனக்கு நடுக்கம் பிடித்தது. பேனை கையில் நிற்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி இறுக்குவதுபோலத் தலையிடி. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏற முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனைப் பார்க்க வருவது கடமை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எங்கே நோகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஏன் போனனீர்?" என்றே கேட்டார்கள்.

முதலில் கேட்டவர் என் மைத்துனர் இராசநாயகம், புவனத்தின் தமையன். பக்கத்து வளவுக்காரர். எங்கள் வீட்டுக் காரியங்களில் அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடப்பதில்லை.

"நாடு கிடக்கிற கிடையிலை உமக்குக் குளத்தடியிலை கூழோ மச்சான்? காவடியெண்டாலும் எடுக்கப் போனனெண்டு சொன்னால் ஒரு ஞாயம்."

"இரண்டு பேர் போய் இருந்திட்டு வந்தம். அவ்வளவுதான்."

"அதுதானே கேக்கிறன். ஏன் போனனீர்?"

முன்வீட்டு அம்மா என் காதுபடவே புவனத்திடம் சொன்னா. "வீடு வாசல் விட்டுவந்த சனம் கோயில் மண்டபத்திலை படுக்குது. உவர் சொந்தவீட்டை வைச்சுக்கொண்டு வெளியிலை போய்ப் படுத்தவராம்." அந்தச் சொல் சுட்டது. அளவெட்டிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களை நானே சங்கத்தில் பதிந்திருக்கிறேன். அவர்கள் படுத்த இடம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: நான் ஓரிரவு சந்தோஷமாக இருந்ததால் அவர்களில் யாருடைய பாய் சிறுத்தது? நான் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தால் யாருக்கு வீடு திரும்பக் கிடைத்திருக்கும்?

வெளிநோயாளர் பகுதியில் வாங்கில் இடமில்லை. சுவரோரம் குந்தியிருந்தேன். இளம் வைத்தியர், நித்திரையில்லாத கண்கள். எனக்குப் பின்னால் வரிசை படிவரை நின்றது. புவனம் குளத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஏன் போனீங்கள்? இந்த நேரத்திலை உதெல்லாம் தேவையோ?"

நாக்கைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். குளோரோகுயின் (மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்புக் குளிசை) எழுதினார். இரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் பூசி மலேரியாக் கிருமி தேடும் சோதனை) எடுத்தார்கள். கிருமி தெரியவில்லை. குளிசையைத் தொடரச் சொன்னார்கள். மலேரியா மலிந்திருந்த காலம் அது. அந்த வைத்தியரின் மருந்தை நான் குறை சொல்லவில்லை. அவருடைய கேள்வியைத்தான் குறை சொல்கிறேன். சட்டையைக் கழற்றச் சொல்லும் நேரத்தில் அதைக் கேட்டார்.

காய்ச்சல் இறங்கவில்லை. மைத்துனர் ஒரு நூல் கட்டுபவரை அழைத்துவந்தார். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, குளத்தடி முனி பிடித்திருக்கிறது என்றார். கறுப்பு நூலில் மஞ்சள் துணியால் முடிந்த ஒரு வேரைக் கோத்து இடுப்பில் கட்டினார். முடிச்சு பின்பக்கம் இருக்க வேண்டும், காய்ச்சல் விடுமட்டும் அவிழ்க்கக் கூடாது, அந்த இடத்தில் தண்ணீரும் படக் கூடாது என்றார். புவனம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு என் உடம்பை ஈரத்துணியால் துடைத்து வந்தா.

அதே நாள் மைத்துனர் தேவனை வேலிப் படலையில் வைத்து மறித்தார். "உன்ரை சைக்கிளோடை இந்தப் பக்கம் வராதை. மனிசனைக் கொண்டுபோய்க் குளத்துக்குப் பலி குடுத்திட்டு, சுகம் விசாரிக்க வாறியோ?" தேவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாராம்.

அடுத்த கிழமை நடந்தவற்றில் பாதிக்கு நான் சாட்சி அல்ல. புவனம் சொன்னதை எழுதுகிறேன். நான் புலம்பினேன். மூச்சு வாங்கியது. இடப்பக்கம் நின்று பேசினால் திரும்பவில்லை. நான் கோபித்துக்கொண்டு பேசாமல் கிடக்கிறேன் என்று அவ முதலில் நினைத்தாவாம். பிறகுதான் எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அவ முதன்முதலாகச் சத்தம் வைத்து அழுதா. குண்டு போடும் பொம்மர் வந்தபோது எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓட, என்னைத் தூக்க முடியாமல் கட்டிலோரத்திலேயே இருந்தாவாம்.

தேவன் திரும்பி வந்தார். இம்முறை அவருடைய சைக்கிள் கரியலில் குடையும் கைப்பையுமாக ஒரு வயதான பெண் இருந்தா. ஓய்வுபெற்ற வைத்தியர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் டொக்டர் அம்மா என்றே குறிப்பிடுகிறேன். தகப்பனார் மலாயாவில் வேலைபார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். இவ அங்கே பிறந்து வளர்ந்தவ. கரியலால் இறங்கி, சேலையை உதறிக்கொண்டு படலையைத் தள்ளினா. மைத்துனரால் மறிக்க முடியவில்லை.

"குளத்தடியிலை போய்ப் படுத்தவர் டொக்டர்" என்று மைத்துனர் தொடங்கினார். "நான் அப்பவே சொன்னனான், ஏன் போனனீர் எண்டு..."

"அதை ஆர் இப்ப கேட்டது? எதிலை படுத்தவர்?"

"அண்ணை சீமெந்திலை பாய் போட்டுப் படுத்தவர். நானும் பக்கத்திலைதான்" என்றார் தேவன்.

"புல்லிலை இல்லையோ?"

"இல்லை டொக்டர்."

"உமக்குக் காய்ச்சல் இல்லையோ?"

"ஒண்டுமில்லை."

டொக்டர் அம்மா என் சட்டையைக் கழற்றச் சொன்னா. அக்குளைப் பார்த்தா, காதுக்குப் பின்னால் பார்த்தா, அடிவயிற்றைத் தடவிப் பார்த்தா. கவட்டில் நெறி கட்டியிருந்தது. என்னைப் புரட்டிப் போட்டதும் நூல் தெரிந்தது.

"இதை அவிழுங்கோ பிள்ளை."

"அவிழ்க்கக் கூடாதெண்டு சொன்னவை" என்றா புவனம். "அண்ணை பேசுவார்."

"பேசட்டும். அவர் பேச, கேக்கிறதுக்கு இந்த மனிசன் உயிரோடை இருக்கவேணுமெல்லே."

புவனம் தமையனைப் பார்த்தா. பிறகு வெற்றிலைத் தட்டத்திலிருந்த பாக்குவெட்டியை எடுத்து, முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரே வெட்டாக வெட்டினா. பாக்குவெட்டியின் அந்தச் சத்தம் வலக்காதில் விழுந்தது. அந்தக் கிழமையில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

மஞ்சள் துணிக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த வட்டம் இருந்தது. நோவில்லை, கடியில்லை. எஸ்கார் (பூச்சி கடித்த வாயில் தோல் செத்து உண்டாகும் கறுத்த பொருக்கு) என்றா டொக்டர் அம்மா. தன் தகப்பனாரின் காலில் சிறுவயதில் அதைப் பார்த்திருக்கிறாவாம். பற்றைத் தைபஸ் (புதர்ப் பற்றைகளில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் கடியால் வரும் காய்ச்சல்). மலேரியாக் குளிசை இதற்குக் கேட்காது. காது மந்தமாவதும் இந்தக் காய்ச்சலின் குணங்களில் ஒன்று.

அவ எழுதித் தந்த டெட்ராசைக்கிளின் குளிசை எந்தக் கடையிலும் முழுதாக இல்லை. மருந்துகள் தடையைத் தாண்டி வர வேண்டியிருந்த காலம். தேவன் சுன்னாகத்திலும் பண்டத்தரிப்பிலும் யாழ்ப்பாண ரவுணிலும் கடைகடையாக ஏறி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் ஏற்றாமல் ஓட வேண்டும் என்று சொன்னவர்.

இரண்டாம் நாள் விடியக் காய்ச்சல் இறங்கியது. வேர்த்துக் கொட்டிப் பாய் நனைந்தது. எழும்பி இருந்து கஞ்சி கேட்டேன். இவ்வளவு விரைவாக மருந்துக்கு அடங்கியதே நோய் இன்னதென்பதற்குச் சான்று என்றா டொக்டர் அம்மா. இரத்தத்தில் பார்த்து உறுதிசெய்யும் வசதி அப்போது எங்களுக்கு எட்டாதது.

அதற்குப் பிறகு வந்த கோபத்தைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

டொக்டர் அம்மா இரண்டாம் முறை வந்தபோது, கடித்த எத்தனையாவது நாளில் காய்ச்சல் தொடங்கும் என்று கேட்டேன். "ஆகக் குறைஞ்சது ஒரு கிழமை எண்டாலும் செல்லும். அனேகமாய்க் கூடச் செல்லும்" என்றா. நான் கலண்டரை எடுக்கச் சொன்னேன். குளத்தடியில் படுத்தது சனி. நடுக்கம் பிடித்தது செவ்வாய். கணக்கு ஒத்துவரவில்லை. குளத்துக்குப் போகும்போதே அது என் இடுப்பில் இருந்திருக்க வேண்டும். குளிக்கும்போது தேவன் கண்ட கரிப்பொட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் அதற்கு முந்திய கிழமை நான் எங்கே இருந்தேன்?

எங்கள் வளவின் பின்மூலையில், காரைப் பற்றைக்குள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பற்றையை வெட்டி, குந்தியிருந்து மண் அள்ளிக்கொண்டிருந்தேன். பதுங்குகுழி வெட்டினேன். பழைய குழி மாரியில் இடிந்துவிட்டது. புதியதற்கு இடம் காட்டி, கயிறு பிடித்து அளந்து, "கெதியாய் வெட்டும் மச்சான், இதுதான் இப்ப முக்கியம்" என்று வேலியோரம் நின்றவர் இராசநாயகம்.

அவரைக் கூப்பிட்டுக் கலண்டரைக் காட்டினேன். நாட்களை விரலால் எண்ணினார்.

"அப்ப பங்கர் வெட்டினதும் பிழையெண்டு சொல்லுறீரோ?"

"இல்லை."

"வெட்டாமல் விட்டிருந்தா, பொம்மர் வந்த அண்டைக்கு நாங்கள் எல்லாரும் முடிஞ்சிருப்பம்."

"ஓம். அதுதான் சொல்லுறன். பங்கர் வெட்டினதுக்கு ஒருத்தரும் என்னட்டை வந்து 'ஏன் வெட்டினனீர்?' எண்டு கேக்கேல்லை."

 அவர் தேவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பற்றைக்கு நெருப்பு வைத்தார். குழிக்குள் இறங்குமுன் பிள்ளைகளுக்குக் கால்சட்டை போட்டுவிடச் சொன்னார். அதை அவருடைய நல்ல பக்கமாகப் பதிகிறேன்.

இதை வாசிக்கும் நோயாளிகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். விடாத காய்ச்சல் என்றால் உடம்பு முழுவதையும் பாருங்கள், பார்க்க வெட்கப்படும் இடங்களையும் சேர்த்து. நூலோ கட்டோ இருந்தால் வைத்தியருக்கு முன் அவிழுங்கள். பூசிய மஞ்சளைக் கழுவுங்கள். யாராவது "ஏன் போனனீர்?" என்று கேட்டால், அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உயிர் பிழைக்க உதவுவது "எங்கே படுத்தனீர், எதைத் தொட்டனீர்?" என்ற கேள்விகள்தான். நோய்க்கு நம் சந்தோஷத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை.

எழும்பி நடக்கப் பங்குனி பிறந்துவிட்டது. சைக்கிளில் ஏறச் சித்திரை. பொருக்கு உதிர்ந்த இடத்தில் ஒரு வெளிறிய தழும்பு இருக்கிறது. நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை. தடவி அறிவேன்.

இடக்காது முழுதாகத் திரும்பவில்லை. இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் சத்தத்தைக் கேட்டுத் திசை சொல்வார்கள். எங்கிருந்து ஷெல் புறப்படுகிறது, பொம்மர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகியிருந்தோம். எனக்கு இப்போது எல்லாம் வலப்பக்கத்திலிருந்தே வருகின்றன. அதனால் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. புவனத்தின் முகத்தைப் பார்க்கிறேன். அவ ஓடினால் ஓடுகிறேன், அவ இருந்தால் இருக்கிறேன்.

நாட்களும் முன்போல நேராக ஓடுவதில்லை. மற்றவர்கள் வருடத்தைப் பொங்கலிலிருந்து எண்ணுகிறார்கள். எனக்கு மாசியில் தொடங்கி மாசியில் முடிகிறது. பின்னேரம் நாலு மணிக்குக் கை தானாகவே நெற்றிக்குப் போய்ச் சூடு பார்க்கிறது. முந்தி என் உடம்பை நான் கரியல்போல நினைத்திருந்தேன், வைத்ததைச் சுமக்கும் என்று. இப்போது அதற்கும் ஒரு லீவு உண்டு.

இந்த வருடம் மாசியில் அதே குளத்துக்குப் போனோம், நானும் புவனமும். போவதைத் தமையனுக்கு அவவே போய்ச் சொன்னா.

"நீயுமோ? ஏன் போறாய்?" என்று அவர் கேட்டாராம்.

"போகவேணும்போலை கிடக்கு அண்ணை."

வழி முழுவதும் என் வலப்பக்கமாகவே சைக்கிள் ஓட்டினா. பாலத்தில் எதிர்க்காற்று. ஏதோ சொன்னா, கேட்டது. மேடையில் பாயை விரித்தபோது, "இதிலைதானோ?" என்றா. "இதிலைதான்" என்றேன். கையால் சீமெந்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தா.

ஒன்று மட்டும் உறுதியாகவில்லை. குளத்தடியில் தேவன் கண்டது உண்மையிலேயே அந்தப் பொருக்குத்தானா, அல்லது வெறும் அரைஞாண் கறையைப் பார்த்துச் சொன்ன பகிடியா என்பது. என் கணக்கில் அந்த ஓரிடம் அவருடைய கண்ணில்தான் தங்கியிருக்கிறது. அவர் போன வருடம் கொழும்புக்குப் போய்விட்டார். எழுதிக் கேட்டிருக்கிறேன். இதை முடிக்கும் இன்றுவரை, 1995 வைகாசி, பதில் வரவில்லை.